சத்தம் போடாம வீட்ல பழக எந்த யுகுலேலே வாங்கலாம்? முழு வழிகாட்டி

கடையில போய் "நல்லா சத்தம் வர்ற யுகுலேலே காட்டுங்க"ன்னா நாலு எடுத்து வெப்பாங்க, "சத்தம் கம்மியா வர்றது காட்டுங்க"ன்னா நம்மள ஒரு மாதிரி பாப்பாங்க. அவங்களச் சொல்லியும் குத்தமில்ல, குட்டி கிட்டார் மாதிரி நாலு ஸ்ட்ரிங் இருக்கற இந்த வாத்தியத்தைச் செய்றவங்க, விக்கிறவங்க, ரிவ்யூ போடுறவங்க எல்லாருமே இதோட குரல் எவ்ளோ தூரம் போகுதுங்கறதைத்தான் பெருமையாச் சொல்லுவாங்க. நமக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிர். ராத்திரி பத்தரை மணி, பக்கத்து ரூம்ல அப்பா படுத்தாச்சு, தொட்டில்ல கொழந்தை இப்பத்தான் கண்ணசந்துச்சு, அப்பத்தான் நமக்கு அரை மணி நேரம் கிடைக்குது, அந்த நேரத்துல யாரையும் எழுப்பாம நாலு கார்ட் (சேர்த்து மீட்டுற ஸ்வரக் கூட்டு) வாசிக்கணும், அவ்ளோதான் தேவை. அதனால வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு பழகிக்கோங்க, ரிவ்யூவைத் தலைகீழாப் படிக்கணும். "வால்யூம் பத்தல, சவுண்ட் சீக்கிரம் அடங்கிடுது"ன்னு ஒருத்தர் திட்டி ரெண்டு ஸ்டார் கொடுத்திருந்தா அதுல ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. ட்யூனிங் நிக்கல, ஃப்ரெட் (கழுத்துல குறுக்கே பதிச்ச உலோகப் பட்டை) கையைக் கிழிக்குதுன்னு திட்டியிருந்தா மட்டும் நகர்ந்துடுங்க.

படி 1: யாருக்குக் கேக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணுங்க

இதை முடிவு பண்ணாம வாங்கினா தேவையில்லாததுக்குக் காசு போகும். அதே ரூம்ல தூங்குறவங்களுக்குக் கேக்கக் கூடாதா, அடுத்த ரூம்ல இருக்கறவங்களுக்கா, இல்ல பக்கத்து ஃப்ளாட்டுக்கா? மூணும் மூணு கதை.

பக்கத்து ஃப்ளாட்தான் கவலைன்னா பெரும்பாலும் கவலையே வேண்டாம். சுவர் எல்லா சத்தத்தையும் ஒரே மாதிரி தடுக்காது, மேல் ஸ்தாயில வர்றதை நல்லாத் தடுக்கும், தும்தும்னு வர்ற பேஸை விட்டுடும், அதனாலதான் எதிர்வீட்டு ஊஃபர் மட்டும் நம்ம கட்டில் வரைக்கும் வருது, அந்தப் பாட்டோட வரி ஒண்ணு கூட புரியாது. சாதாரண ட்யூனிங்ல இருக்கற யுகுலேலேயோட ரொம்பக் கீழ இருக்கற ஸ்வரமே நடு சி, சுமார் 262 ஹெர்ட்ஸ். கிட்டாரோட தடிச்ச ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்குது. சுவரைத் தாண்டுற பேஸே இந்தச் சின்ன டப்பாகிட்ட இல்ல. செங்கல் சுவரா இருந்து ஜன்னலும் சாத்தியிருந்தா மெதுவா வாசிக்கிறது அந்தப் பக்கம் போறது ரொம்பக் கஷ்டம். கீழ் வீட்டுக்காரருக்குக் கேக்குறது என்னன்னா, தாளத்துக்கு நாம தரையில தட்டுற கால். அது கான்கிரீட் வழியா நேரா இறங்கிடும். முதல்ல காலைக் கட்டுப்படுத்துங்க, அதுக்கு எந்தக் கடையிலயும் காசு கொடுக்க வேண்டாம்.

அடுத்த ரூம் விஷயத்துக்கு ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. நீங்க வாசிக்கப் போற ரூம்ல யாரையாவது உக்காரவெச்சு சாதாரணமா பேசச் சொல்லிட்டு கதவைச் சாத்திட்டு வெளிய நில்லுங்க. பேசுறது சரியா காதுல விழலன்னா, கட்டைவிரல் சதையால மெதுவா வாசிக்கிற யுகுலேலேயும் பெருசா விழாது, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு சத்தம்தான். வார்த்தை வார்த்தையாக் கேக்குதுன்னா படி 5, படி 7 ரெண்டையும் நல்லாப் படிங்க. அதே ரூம்ல ஆள் தூங்குறாங்கன்னா மட்டும்தான் ஹெட்போன் மாட்டுற வகைக்குப் போகணும்.

சட்டம் பத்திக் கேக்குறவங்களுக்கு: இந்தியாவுல 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள் படி குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10 மணிலேர்ந்து காலைல 6 மணி வரைக்கும் 45 டெசிபல்தான் வரம்பு. போன்ல இருக்கற டெசிபல் ஆப்பை வெச்சு இதை அளந்து சண்டைக்குப் போகாதீங்க, அது அவ்ளோ துல்லியம் கிடையாது, ஆனா படி 5-ல சொல்ற ஸ்பாஞ்ச் வெச்சதுக்கு முன்னாடி எவ்ளோ பின்னாடி எவ்ளோன்னு ஒப்பிட்டுப் பாக்க நல்லா உதவும். 10 டெசிபல் குறைஞ்சா காதுக்கு ஏறக்குறைய பாதியாக் குறைஞ்ச மாதிரி தெரியும், அந்தக் கணக்கு ஒண்ணு ஞாபகம் இருந்தாப் போதும்.

படி 2: எந்த வகைன்னு தெரிஞ்சுக்கோங்க, இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க

மூணு வகை இருக்கு. நடுவுல ஓட்டை போட்ட சாதாரண அக்கூஸ்டிக் ஒண்ணு. அதே அக்கூஸ்டிக்ல உள்ள பிக்கப் (அதிர்வை மின் சிக்னலா மாத்துற கருவி) வெச்சு, பக்கத்துல வால்யூம் திருகுற பட்டன் எல்லாம் போட்ட எலக்ட்ரோ அக்கூஸ்டிக் ரெண்டாவது. உள்ள வெத்து இடமே இல்லாத, மரக்கட்டையா இருக்கற சாலிட் பாடி எலக்ட்ரிக் மூணாவது.

ஆன்லைன்ல "எலக்ட்ரிக் யுகுலேலே"ன்னு தேடினா வர்றதுல நிறைய ரெண்டாவது வகை. வால்யூம் பட்டன் இருக்கு, அதைக் குறைச்சுட்டா சத்தம் குறைஞ்சிடும்னு நெனச்சு வாங்கிடுறாங்க. குறையாது. அந்தப் பட்டன் கேபிள் வழியா ஆம்புக்கு (சத்தத்தைப் பெருக்குற ஸ்பீக்கர் பெட்டி) போற சத்தத்தை மட்டும்தான் கூட்டிக் குறைக்கும், டப்பாவுலேர்ந்து வர்ற சத்தம் அப்படியே வரும். மேடைக்கு சத்தத்தைக் கூட்டத்தான் அது, வீட்ல குறைக்க இல்ல. அதே மாதிரி "சாலிட் டாப்"னு போட்டிருக்கறதையும் "சாலிட் பாடி"யையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. சாலிட் டாப்னா மேல்பலகை ப்ளைவுட் இல்லாம ஒரே மரத்துல செஞ்சது, அது இன்னும் நல்லா ஒலிக்கும். உங்களுக்கு ரெண்டாயிரம் ரூபாய் அதிகம் வாங்கிட்டு அதிக சத்தத்தைக் கொடுப்பாங்க.

இன்னொண்ணு "தின் பாடி", ட்ராவல் மாடல்னு வர்றது. டப்பா ஒல்லியா இருக்கறதால சத்தம் கம்மியா இருக்கும்னு தோணும். ஒலியை வெளிய தள்ளுறது பெரும்பாலும் மேல்பலகைதான், அதோட பரப்பளவு அப்படியே இருக்கு, அதனால பேஸ் கொஞ்சம் கம்மியாகும், வால்யூம் பெருசாக் குறையாது. பைக்குள்ள வெக்க வசதி, அவ்ளோதான்.

சாலிட் பாடியை ஆம்ப் இல்லாம வாசிச்சா வெறும் ஸ்ட்ரிங் அதிர்ற சத்தம் மட்டும் கேக்கும். ஃபேன் ஓடுற ரூம்ல ரெண்டு மூணு அடி தள்ளி இருக்கறவங்களுக்குக் கேக்குறதே கஷ்டம். ஜெர்மனியோட ரீசா கம்பெனி தலையே இல்லாம, முடுக்காணியை எல்லாம் பாடிக்குள்ள வெச்சு குச்சி மாதிரி ஒண்ணு பண்றாங்க, கனடாவோட கோடின் மல்ட்டியுக்னு ஒண்ணு பண்றாங்க, அது முழுக் கட்டை இல்ல, உள்ள கொஞ்சம் வெத்து இடம் உண்டு, விலையும் நல்லாவே ஜாஸ்தி. யமஹா சைலன்ட் சீரிஸ் பத்திக் கேப்பீங்க, அதுல பிரபலமா இருக்கறது கிட்டார். உங்ககிட்ட ஏற்கெனவே அது இருந்தா அஞ்சாவது ஃப்ரெட்ல கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிற கிளிப்) மாட்டிட்டு மெல்லிசா இருக்கற நாலு ஸ்ட்ரிங்கை மட்டும் வாசிங்க, அது அப்படியே யுகுலேலேயோட ஜி சி இ ஏ ட்யூனிங், அதுலயும் ஜி ஒரு ஸ்தாயி கீழ இருக்கற லோ ஜி வகை. புதுசா எதுவும் வாங்காமலே ராத்திரி ப்ராக்டிஸ் முடிஞ்சுது.

என் அபிப்ராயம் கேட்டா, புதுசா ஆரம்பிக்கிறவங்க பத்துல எட்டு பேருக்கு சாதாரண அக்கூஸ்டிக் போதும். சாலிட் பாடி வாங்கினா கூடவே கேபிள், ஹெட்போன் ஆம்ப், வயர் ஹெட்போன்னு சேர்ந்துக்கிட்டே போகும், அதை விட முக்கியம், வாசிக்கணும்னு தோணுறப்ப இதை எல்லாம் எடுத்து மாட்டுறதுக்குள்ளயே தூக்கம் வந்துடும். ஆணியில தொங்குற யுகுலேலேயைத்தான் கை தானா எடுக்கும்.

படி 3: அக்கூஸ்டிக்ல அமைதியானதைத் தேர்ந்தெடுக்குறது

1879-ல ரேவன்ஸ்கிராக்ங்கற கப்பல்ல மடெய்ரா தீவுலேர்ந்து ஹவாய்க்குப் போன போர்ச்சுகீசியர்கள் கொண்டு போன மசேட்டிங்கற குட்டி வாத்தியத்துலேர்ந்து பிறந்ததுதான் இது. கூட்டத்துக்கு நடுவுல ஆடிப் பாடி வாசிக்க வந்த வாத்தியம், அதனால இருக்கற சைஸுக்கு மீறின குரல். மேல்பலகையை மெல்லிசா, எடை கம்மியாப் பண்ணினாத்தான் அந்தக் குரல் வரும். நாம தேடுறது அதே பலகை கொஞ்சம் தடிமனா, கனமா இருக்கறதை.

அதாவது லாமினேட். மெல்லிசான மரத்தகடுகளை ஒட்டிச் செஞ்ச ப்ளைவுட். ஸ்ப்ரூஸ், சீடர் சாலிட் டாப் போட்டதெல்லாம் லேசாத் தொட்டாலே கணீர்னு பேசும், ஹவாயோட கோவா மரம் சாலிட்ல இருந்தா சொல்லவே வேணாம், அதெல்லாம் பகல்ல வாசிக்கிறவங்களுக்கு. மஹோகனி லாமினேட் நமக்குச் சரி, சத்தம் கொஞ்சம் அடங்கி, உருண்டையா வரும். காலா கம்பெனியோட கேஏ-15எஸ் சாப்ரனோ, கேஏ-15சி கான்சர்ட் ரெண்டும் இந்த வகைதான், பல வருஷமா புதுசா ஆரம்பிக்கிறவங்க வாங்குற மாடல். லாமினேட்ல நமக்கு இன்னொரு லாபமும் இருக்கு, சென்னை மாதிரி கடல் காத்து ஈரமும் பெட்ரூம் ஏசியும் மாறி மாறி அடிக்கிற ஊர்ல சாலிட் மரம் வெடிக்குமோ வளையுமோன்னு பயந்துட்டே இருக்கணும், இது தாங்கும். ப்ளாஸ்டிக், கார்பன் ஃபைபர் கலந்த மாடல்கள் இன்னும் தாங்கும், ஆனா அதுல நிறைய மாடல்களோட சத்தம் பளிச்சுன்னு இருக்கும், ராத்திரிக்கு அது எடுபடாது.

சைஸ் விஷயம். சாப்ரனோ மொத்த நீளம் 21 இன்ச், கான்சர்ட் 23-24, டெனர் 26, பாரிடோன் 30 கிட்ட. சாப்ரனோவுல சத்தம் டக்குன்னு வந்து டக்குன்னு அடங்கிடும், டெனர்ல டப்பா பெருசு, சத்தம் நின்னு ஒலிக்கும். அப்ப சாப்ரனோதானே வாங்கணும்னு கேட்டா, விரல் தடிச்சவங்களுக்கு அதுல டி கார்ட் பிடிக்கிறதுக்குள்ள மூணு விரலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும், சரியாப் பிடிக்க முடியாத கோவத்துல வேகமா அடிப்பீங்க. பெரியவங்களுக்கு கான்சர்ட், பத்து வயசுக்குள்ள இருக்கற பசங்களுக்கு சாப்ரனோ, அதுதான் நான் சொல்றது. டெனர் மேல ஆசை இருந்தா வாங்கலாம், தப்பில்ல, ஆனா லோ ஜி ஸ்ட்ரிங் போடாம சாதாரண ஹை ஜி-யோட வெச்சுக்கோங்க, லோ ஜி போட்டா 196 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கி டப்பா கும்முனு முழங்கும். பாரிடோன் ட்யூனிங்கே வேற, டி ஜி பி இ, அதோட சத்தம் ரொம்ப மென்மையா இருந்தாலும் கீழ் ஸ்வரம் அதிகம், ஆரம்பிக்கிறவங்க விட்டுடலாம்.

ஸ்ட்ரிங்கை யாரும் யோசிக்க மாட்டாங்க, ஆனா செலவு கம்மியா மாத்தக் கூடியது அதுதான். ஃப்ளோரோகார்பன் மெல்லிசா, கண்ணாடி மாதிரி தெளிவாக் கேக்கும். இத்தாலியோட அக்கிலா கம்பெனி போடுற வெள்ளை நைல்கட் நல்ல எடுப்பான குரல், நிறைய யுகுலேலேல ஃபேக்டரியிலயே அதைத்தான் போட்டு அனுப்புறாங்க. சாதாரண நைலான்தான் மூணுலயும் சாது. வாங்கி ஒரு மாசம் வாசிச்சுப் பாத்துட்டு இன்னும் சத்தமா இருக்குன்னு தோணினா நைலானுக்கு மாத்திப் பாருங்க. எந்தக் காரணத்துக்காகவும் நைலான் யுகுலேலேல கிட்டார் இரும்புக் கம்பியை மாட்டாதீங்க, அந்த இழுவிசைக்கு, ஸ்ட்ரிங்கை மேல்பலகையோட பிடிச்சு வெக்கிற பிரிட்ஜ் பேந்துக்கிட்டு வந்துடும்.

படி 4: கடையில எடுத்துப் பாக்குறப்ப

கூட்டம் இல்லாத நேரமாப் பாத்துப் போங்க, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஒருத்தர் கீபோர்டு, ஒருத்தர் ட்ரம்ஸ்னு தட்டிட்டு இருக்கறப்ப நமக்கு ஒண்ணும் கேக்காது. கடைக்காரர் எடுத்து வேகமா ஒரு ஸ்ட்ரம் அடிச்சுக் காட்டுவார், அதைக் கேட்டு மயங்காதீங்க, நீங்க வீட்ல எப்படி வாசிப்பீங்களோ அப்படி, கட்டைவிரல் சதையால மெதுவா ஒவ்வொரு ஸ்ட்ரிங்கா தடவிப் பாருங்க. நாலும் ஒரே அளவுல பேசுதா? சில யுகுலேலே வேகமா அடிச்சா நல்லாருக்கும், மெதுவாத் தொட்டா சி ஸ்ட்ரிங் மட்டும் மந்தமா முணுமுணுக்கும். அது நமக்கு வேண்டாம். மெதுவாத் தொட்டாலும் சுருதி தெளிவாத் தெரியணும், சத்தம் கம்மியா இருக்கறதும் சத்தம் மோசமா இருக்கறதும் ஒண்ணு இல்ல.

அப்புறம் நட். தலைக்குக் கீழ ஸ்ட்ரிங் உக்கார்ற அந்த வெள்ளைப் பட்டை. ஒரு ஸ்ட்ரிங்கை ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல, மூணாவது ஃப்ரெட் ஒட்டி அழுத்திப் பிடிச்சுட்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங் எவ்ளோ தூக்கி நிக்குதுன்னு கண்ணை ஒட்டி வெச்சுப் பாருங்க. மயிரிழை இடைவெளி இருக்கணும். ஒரு விசிட்டிங் கார்டே நுழையுற அளவு இருந்தா நட் உசரம், முதல் ரெண்டு ஃப்ரெட்ல கார்ட் பிடிக்கவே கை வலிக்கும், சுருதியும் ஏறிப் போகும். விலை கம்மியான யுகுலேலேல ரொம்பப் பொதுவான குறை இதுதான், கடையில செட்டப் பண்ற ஆள் இருந்தா வாங்குறப்பவே அராவித் தரச் சொல்லுங்க.

பன்னிரண்டாவது ஃப்ரெட்ல ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல 2.5-லேர்ந்து 3 மில்லிமீட்டர் இருக்கறது சாதாரணம். மெதுவா வாசிக்கிறவங்களுக்கு இதுல ஒரு சலுகை உண்டு. வேகமா அடிச்சா ஸ்ட்ரிங் அகலமா ஆடும், கீழ இருந்தா ஃப்ரெட்ல பட்டு ஜிர்ருன்னும், அதனாலதான் உசரமா வெக்கிறாங்க. நாம மெதுவாத் தொடுறதால ஸ்ட்ரிங் ஆடுறதும் கம்மி, இன்னும் கொஞ்சம் கீழ இறக்கி வெக்கலாம், இடது கைக்கு சொகம். பிரிட்ஜ் மேல ஸ்ட்ரிங் உக்கார்ற சின்னப் பட்டையான சேடிலைக் கழட்டி அடிப்பக்கம் உப்புத்தாள்ல தேச்சு இறக்குவாங்க. சேடிலுக்கு அடியில பிக்கப் இருக்கற மாடல்னா அந்த அடிப்பக்கம் கொஞ்சம் கூட கோணாம இருக்கணும், இல்லன்னா ஒரு ஸ்ட்ரிங் கத்தும், ஒண்ணு ஊமையாயிடும், அதைத் தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்துச் செய்றதுதான் நல்லது.

ட்யூனர் ஆப்பைப் போட்டு, ஸ்ட்ரிங்கைச் சும்மா மீட்டினா வர்ற ஸ்வரமும் பன்னிரண்டாவது ஃப்ரெட்ல அழுத்தினா வர்ற ஸ்வரமும் ஒண்ணான்னு பாருங்க, ஸ்தாயி மட்டும் ஒண்ணு ஏறியிருக்கணும். ஃப்ரெட் ஓரத்துல விரலை ஓட்டிப் பாருங்க. முடுக்காணி பல்சக்கரம் வெச்சதா இருந்தா நல்லது. முடிஞ்சுது. ஆன்லைன்ல வாங்கினா இதையெல்லாம் பெட்டி பிரிச்ச அன்னிக்கே பண்ணுங்க, ரிட்டர்ன் தேதி போறதுக்குள்ள.

படி 5: வீட்டுக்கு வந்ததும் சத்தத்தை அடக்குறது

இதுதான் எல்லாத்தையும் விட பலன் கொடுக்குறது, செலவு பத்து ரூபாய். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் புதுசா ஒண்ணு எடுத்து, பச்சைச் சொரசொரப்பை உரிச்சுப் போட்டுட்டு, மஞ்சள் பக்கத்துலேர்ந்து ஒரு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்க, நீளம் நாலு ஸ்ட்ரிங்கையும் தாண்டி ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டணும், தடிமன் பிரிட்ஜ் பக்கத்துல ஸ்ட்ரிங்குக்கும் பலகைக்கும் நடுவுல இருக்கற இடைவெளியை விட ஒரு துளி அதிகம். அதை ஸ்ட்ரிங்குக்கு அடியில நுழைச்சு பிரிட்ஜை ஒட்டித் தள்ளுங்க. இப்ப மீட்டினா டொக் டொக்னு, ஆனா சுருதி தெரியுற மாதிரி ஒரு சத்தம் வரும். பிரிட்ஜை விட்டு ஓட்டைப் பக்கம் நகர்த்த நகர்த்த இன்னும் செத்துக்கிட்டே போகும், உங்களுக்கு எது போதுமோ அங்க நிறுத்திக்கோங்க. ரொம்பத் தடியா வெட்டினா ஸ்ட்ரிங்கைத் தூக்கி சுருதியை மாத்திடும், அப்ப ஒரு சீவு சீவி எடுங்க. ட்யூன் பண்றப்ப ஸ்பாஞ்சை வெளிய எடுத்துட்டுப் பண்ணுங்க. டேப் போட்டு ஒட்டாதீங்க, உரிக்கிறப்ப பாலிஷும் சேர்ந்து வரும்.

ஓட்டைக்குள்ள சாக்ஸ் திணிக்கிறது, ரப்பர் மூடி போடுறது எல்லாம் சொல்லுவாங்க. கொஞ்சம் பேஸைக் குறைக்கும், ஆனா பலகை அதிர்ந்துட்டேதான் இருக்கும், ஸ்பாஞ்ச்ல வர்ற வித்தியாசம் அதுல வராது.

கை விஷயம் இன்னும் முக்கியம். ஆள்காட்டி விரல் நகத்தால கீழ அடிக்கிறதுக்கும் கட்டைவிரல் சதையால தடவுறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நகத்தை வெட்டிடுங்க. ஓட்டைக்கு மேல அடிக்காம, நெக்கும் பாடியும் சேர்ற இடத்துல தடவுங்க, அங்க குரல் மெத்தென்னு இருக்கும். எல்லா டீச்சரும் யுகுலேலேயோட பின்பலகை உடம்புல படக்கூடாது, சத்தம் அமுங்கும்னு சொல்லுவாங்க. அமுங்கட்டுமே, அதுக்குத்தான இவ்ளோ பாடு, ராத்திரியில வயித்தோட அணைச்சுப் பிடிச்சுக்கோங்க.

இன்னொண்ணு, நாலு ஸ்ட்ரிங்கையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி வெக்கலாம், ஜி சி இ ஏ-வுக்குப் பதிலா எஃப், பி ஃப்ளாட், டி, ஜி. விரல் பிடிக்கிறது எல்லாம் அதேதான், ஸ்ட்ரிங் தளர்றதால சத்தமும் எடுப்பும் குறையும். சாப்ரனோவுல ரொம்பக் கொழகொழன்னு ஆயிடும், கான்சர்ட், டெனர்ல நல்லா வேலை செய்யும்.

படி 6: ஹெட்போன் வழிதான் வேணும்னா

நைலான் ஸ்ட்ரிங்ல இரும்பு இல்ல, அதனால எலக்ட்ரிக் கிட்டார்ல இருக்கற காந்த பிக்கப் அதைக் கண்டுக்காது. அதுக்குத்தான் பீசோ, சேடிலுக்கு அடியில அதிர்வை வாங்குற பட்டை. இரும்புக் கம்பியோட காந்த பிக்கப் வெச்ச எலக்ட்ரிக் யுகுலேலேவும் இருக்கு, அது சின்ன எலக்ட்ரிக் கிட்டார் மாதிரி, யுகுலேலே குரல் வராது, விரலும் புண்ணாகும்.

பீசோவுல ரெண்டு தினுசு. சிக்னலைப் பெருசாக்குற, பேட்டரி போட்ட ப்ரீஆம்ப் உள்ள இருந்தா ஆக்டிவ், வெறும் பட்டையும் ஜாக்கும் மட்டும்னா பாசிவ். பாசிவ்லேர்ந்து வர்ற சிக்னல் ரொம்ப நோஞ்சான், அதை வாங்குற கருவியோட இன்புட் இம்பீடன்ஸ் (உள்ள வர்ற சிக்னலுக்கு அது காட்டுற மின்தடை) குறைஞ்சது 1 மெகாஓம் இருக்கணும், இல்லன்னா தகர டப்பாவைத் தட்டுற மாதிரி கேக்கும். வோக்ஸ் ஆம்ப்ளக் மாதிரி ஜாக்ல நேராச் செருகுற குட்டி ஹெட்போன் ஆம்ப் இருக்கு, அதை க்ளீன் சவுண்ட்ல வெச்சு, கெயினைக் குறைச்சு வாசிக்கலாம். கம்ப்யூட்டர்ல ரெக்கார்ட் பண்றவங்க ஆடியோ இன்டர்ஃபேஸ்ல "இன்ஸ்ட்ருமென்ட்" பட்டனை அமுக்கிட்டு செருகணும். கேபிளை நேரா போன்ல மாட்டிடலாம்னு பாக்காதீங்க, கேக்காது.

வாங்குறப்ப ரொம்ப வசதியானது எதுன்னா, பாடியிலயே 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் ஜாக்கும், போன்லேர்ந்து பாட்டை உள்ள விடுற ஆக்ஸ் ஜாக்கும் இருக்கற மாடல். எதுவும் தனியா வாங்க வேண்டாம். ப்ராடக்ட் போட்டோவுல ஜாக் பக்கத்தைப் பெருசு பண்ணி அது ஹெட்போனுக்கானதா, இல்ல ஆம்புக்குப் போற பெரிய 6.35 ஜாக் மட்டும்தானான்னு பாத்துட்டு ஆர்டர் போடுங்க.

ப்ளூடூத் ஹெட்போனை மறந்துடுங்க. படம் பாக்குறப்ப தாமதம் தெரியாது, ஏன்னா ஆப்பே வீடியோவைக் கொஞ்சம் தள்ளி ஓட்டி சமாளிச்சுடும். நாம வாசிக்கிறதை அப்படித் தள்ள முடியாதே, சாதாரண ப்ளூடூத்ல நூறு இருநூறு மில்லிசெகண்ட் லேட்டா வரும், இருபது முப்பதுக்கு மேல போனாலே கை தடுமாற ஆரம்பிச்சுடும். வயர் ஹெட்போன் எது இருந்தாலும் சரி. ஒரு காதை மட்டும் மூடி வாசிங்க, இல்லன்னா கொழந்தை அழறதும் கேக்காது, யாராவது கூப்பிட்டாலும் கேக்காது, அதுக்கு வாங்குற திட்டுக்கு யுகுலேலே சத்தமே தேவலை.

படி 7: ரூம்ல எங்க உக்கார்றது

கதவுக்கு அடியில இருக்கற சந்துதான் பெரிய ஓட்டை, ஒரு பழைய துண்டை உருட்டிப் போடுங்க. துணி நெறைஞ்ச பீரோவைத் திறந்து வெச்சு அதைப் பாத்து உக்காந்தா கொஞ்சம் சத்தத்தை அதுவே குடிச்சுடும். மெத்தை மேல உக்காருங்க, கால் தட்டினாலும் கீழ போகாது. சீலிங் ஃபேன் ஓடட்டும், அந்த இரைச்சல்ல மெதுவான சத்தமெல்லாம் கரைஞ்சுடும். பால்கனி வேண்டாம், எதிர் பில்டிங் சுவர்ல பட்டு ரெண்டு மாடிக்குக் கேக்கும். பாத்ரூம்ல எதிரொலி அருமையா இருக்குன்னு அங்க போய் உக்கார்ற ஆளுங்களும் உண்டு, நம்ம ஊர் அப்பார்ட்மென்ட்ல பாத்ரூம் ஜன்னல் எல்லாம் ஒரே டக்ட்டுக்குள்ளதான் திறக்குது, நாலு மாடிக்கும் கச்சேரி.

படி 8: ராத்திரிக்கு எது, பகலுக்கு எது

கார்ட் மாத்துற பழக்கம், சி-லேர்ந்து ஜி7, எஃப்-லேர்ந்து பி ஃப்ளாட், இதுக்கெல்லாம் வலது கையே வேண்டாம், இடது கையை மட்டும் மெட்ரோனோமுக்கு (தாளம் தட்டிக்கிட்டே இருக்கற கருவி, ஆப்பாவும் கிடைக்கும்) மாத்தி மாத்தி வெச்சா போதும், மெட்ரோனோமை ஒரு காதுல இயர்போன்ல போட்டுக்கோங்க. விரலால ஒவ்வொரு ஸ்ட்ரிங்கா எடுக்குறது ராத்திரிக்கு ஏத்தது. ஸ்ட்ரம்மிங் பேட்டர்ன், அதோட சேர்ந்து பாடுறது எல்லாம் பகலுக்கு, அதுவும் பாடுறதுதான் உண்மையான பிரச்சனை, யுகுலேலேயை விட நம்ம தொண்டைதான் கதவைத் தாண்டுது.

எப்பவுமே ஸ்பாஞ்சோட வாசிச்சா கை அதுக்கே பழகி, அதை எடுத்ததும் ஸ்ட்ரிங் தேவையில்லாம ஒலிக்கிறதை நிறுத்தத் தெரியாம முழிப்பீங்க, எங்க அழுத்தி எங்க விடணும்ங்கறதும் வராது. வாரத்துல ஒரு நாள் பகல்ல, பக்கத்து வீட்ல மிக்ஸி ஓடுற நேரமாப் பாத்து, எல்லாத்தையும் எடுத்துட்டு நல்லா ஓங்கி வாசிங்க.

பராமரிப்பு பெருசா ஒண்ணும் இல்ல. வெயில்ல நிறுத்தின காருக்குள்ள வெக்காதீங்க, பசை இளகி பிரிட்ஜ் தூக்கும். ஏசி காத்து நேரா படுற இடத்துல மாட்டாதீங்க. புது ஸ்ட்ரிங் போட்டா முதல் சில நாள் சுருதி இறங்கிட்டே இருக்கும், அது ரிப்பேர் இல்ல, இழுபட்டு செட் ஆகுது. பிக்கப் மாடல் வாங்கினவங்க வாசிச்சு முடிச்சதும் கேபிளைக் கழட்டிடுங்க, நிறைய மாடல்ல ஜாக்ல கேபிள் இருக்கற வரைக்கும் ப்ரீஆம்ப் ஓடிக்கிட்டே இருக்கும், காலைல பாத்தா பேட்டரி காலி. சிலதுல 9 வோல்ட், சிலதுல சிஆர்2032 பட்டன் செல், உங்களுக்கு எதுன்னு பாத்து ஒண்ணு எக்ஸ்ட்ரா வாங்கி வெச்சுக்கோங்க. பட்டன் செல்லை கொழந்தை கைக்கு எட்டாத இடத்துல வைங்க, முழுங்கிட்டா ரொம்ப ஆபத்து.